ஒரே விஷயத்தை எழுதுங்கள்... வீட்டிலிருந்தே உபவருமானம் பாருங்கள்!

‘பண்ணை அனுபவத்தை இணையத்தில் எழுதினால் பணம் வருமாமே... உண்மையா?’ விவசாயிகள் கூடும் இடங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஆடு வளர்ப்பவர், மாடித்தோட்டம் போட்டிருக்கும் இல்லத்தரசி, ஊர் திரும்பிய இளைஞர் என்று பலரும் கேட்கிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது, சொல்வதற்கு அனுபவமும் இருக்கிறது. அதை வருமானமாக மாற்றுவது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

பணம் வரும். ஆனால், பெரும்பாலானவர்கள் நினைக்கும் வழியில் வராது. விளம்பரத்தில் வரும் தொகை சிறியது, அதுவும் தாமதமாகத்தான் வரும். உங்கள் எழுத்தை நம்பித் தேடி வருபவர்கள் மூலம் கிடைப்பதுதான் நிலைக்கும். இதைப் புரிந்துகொண்டு இறங்கினால் நல்ல உபதொழில். புரியாமல் இறங்கினால் ஆறே மாதத்தில் சலித்துவிடும்.

பெரிய பெயர்களைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்!

யூடியூப் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர், புதுக்கோட்டை மாவட்டம், சின்னவீரமங்கலத்தின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’. தாத்தா பெரியதம்பியும் அவருடைய பேரன்களும் 2018-ம் ஆண்டில் தொடங்கியது. 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனது. அந்த ஆண்டே முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பெருமையான விஷயம்தான். ஆனால், அது ஒரு குடும்பமே முழுநேரமாக உழைக்கும் தொழில். காலையில் மாடு கறந்து, பகலில் களை எடுத்து, இரவு எட்டு மணிக்குமேல் ஒரு மணி நேரம் ஒதுக்குபவருக்கு அது சரியான அளவுகோல் இல்லை.

நமக்குப் பாடமாக இருக்கக்கூடியது வேறு ஒரு கதை. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் கெவின் எஸ்பிரிட்டு என்ற இளைஞர், வீட்டில் மண்ணில்லாமல் செடி வளர்ப்பது பற்றி 2013-ல் எழுதத் தொடங்கினார். ‘எபிக் கார்டனிங்’ என்பது அதன் பெயர். எழுத்தோடு வீடியோவும் சேர்ந்தது. பிறகு, படிக்க வந்தவர்களுக்குத் தேவைப்பட்ட தோட்டத் தொட்டிகளை விற்கத் தொடங்கினார். 2023-ல் ஒரு விதை நிறுவனத்தையே வாங்கினார். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. அவர் போன வரிசையைக் கவனித்தால் போதும். முதலில் ஒரு சின்ன விஷயம், அடுத்து அதை நம்பி வருபவர்கள், கடைசியாக அவர்களுக்குத் தேவையான பொருள்.

‘விவசாயம்’ என்பது தலைப்பே இல்லை!

புதிதாக எழுத வருபவர்களில் பலர் ‘இயற்கை விவசாயம்’ என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். அது கடல். நெல் சாகுபடி, தென்னைக்கு உரம், கால்நடைத் தடுப்பூசி என்று பொதுவான தகவல்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளமே தமிழில் விரிவாக வைத்திருக்கிறது. அதையே நீங்களும் எழுதினால் யார் தேடி வருவார்கள்?

உங்களிடம் இருப்பது வேறு. உங்கள் மண், உங்கள் தண்ணீர், நீங்கள் செய்து பார்த்தது, அதில் பிழைத்தது, செத்தது. அது வேறு எந்த இணையதளத்திலும் கிடையாது. எனவே, விஷயத்தைச் சுருக்குங்கள். ‘கோழி வளர்ப்பு’ வேண்டாம். ‘பெருவிடை வளர்ப்பு’ என்று வையுங்கள். ‘காய்கறி’ வேண்டாம். ‘உப்புத் தண்ணீரில் காய்கறி’ என்று வையுங்கள்.

உதாரணத்துக்குக் கொசுத்தேனீயை எடுத்துக்கொள்வோம். கொட்டாத, மிகச்சிறிய தேனீ. சுவர் ஓட்டையிலும் மரப்பொந்திலும் கூடு வைக்கும். மற்ற தேனீக்களைப் போல அடையில் தேனைச் சேமிக்காது. பிசினும் மெழுகும் கலந்து செய்த சிறு குடுவைகளில் சேமிக்கும். ஒரு கூட்டில் ஆண்டுக்குக் கிடைப்பது சில நூறு கிராம் தேன்தான் என்பதால் விலை அதிகம். கேரளாவில் இதைப் பெட்டியில் வைத்து வளர்ப்பது பரவலாக இருக்கிறது. திருவனந்தபுரம் அருகே வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியில் இதற்கென ஆராய்ச்சியே நடக்கிறது.

இதை வளர்ப்பவரிடம் வரும் கேள்விகளைப் பாருங்கள். சுவரை இடிக்காமல் கூட்டைப் பெட்டிக்கு மாற்ற முடியுமா? மின்மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டியிருக்கிறது, கலைக்காமல் எடுப்பது எப்படி? மண்பானை நல்லதா, மூங்கிலா, மரப்பெட்டியா? எறும்பையும் பல்லியையும் எப்படித் தடுப்பது? பிழிந்த தேன் ஏன் சீக்கிரம் புளிக்கிறது? பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தால் பெட்டியை என்ன செய்வது? ஒவ்வொரு கேள்வியும் ஒரு கட்டுரை. இப்படி ஒரு சின்னத் தேனீயை வைத்தே ஓராண்டுக்கு எழுதலாம்.

மூன்று சோதனைகள்

விஷயத்தை முடிவு செய்வதற்குமுன் மூன்று சோதனைகள் வையுங்கள்.

முதலாவது, ஒரு தாளை எடுத்து அந்த விஷயத்தில் மற்றவர்கள் உங்களிடம் கேட்ட கேள்விகளை எழுதுங்கள். 50 கேள்விகள் வர வேண்டும். 20-லேயே நின்றுவிட்டால், அந்த விஷயம் சின்னது அல்லது உங்கள் அனுபவம் இன்னும் போதவில்லை.

இரண்டாவது, அந்த விஷயத்துக்காக யாராவது பணம் செலவழிக்கிறார்களா? குஞ்சு, விதை, பெட்டி, தீவனம், பயிற்சி என்று ஏதாவது ஒன்றை அவர்கள் வாங்க வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், அது நல்ல பொழுதுபோக்கு. வருமானம் எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, ஓராண்டு வரை பத்து பைசா வராவிட்டாலும் அதைச் செய்துகொண்டிருப்பீர்களா? ‘ஆமாம்’ என்றால் தொடங்கலாம்.

விளம்பர வருமானம்... நடைமுறை என்ன?

கூகுளின் ‘பிளாக்கர்’ தளத்தில் இலவசமாகவே வலைப்பூ தொடங்கலாம். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமானால், ஆண்டுக்குச் சுமார் 1,000 ரூபாயில் பதிவு செய்துகொள்ளலாம். கட்டுரைகள் ஓரளவு சேர்ந்ததும் ‘ஆட்சென்ஸ்’ திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2018-ம் ஆண்டு முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள். விளம்பரதாரர் கொடுப்பதில் சுமார் 68 சதவிகிதம் எழுதுபவருக்கு வரும்.

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். நான்கு மாதங்களுக்குள் அதைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எனவே, தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் தபால்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள். மொத்தம் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்குப் பணம் வரும். அடுத்த மாதம் 21 முதல் 26-ம் தேதிக்குள் அனுப்புவார்கள். கணக்கு வைத்திருப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

யூடியூப்பில் விதிமுறை வேறு. விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும் அல்லது 90 நாள்களில் குறும்படங்களுக்கு ஒரு கோடி பார்வைகள் வந்திருக்க வேண்டும். வழக்கமான வீடியோக்களுக்கு விளம்பர வருமானத்தில் 55 சதவிகிதமும், குறும்படங்களுக்கு 45 சதவிகிதமும் நமக்கு வரும்.

ஒரு விஷயத்தில் கவனம். உங்கள் விளம்பரத்தை நீங்களே அமுக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்களோ, வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களோ உங்களுக்கு உதவுவதாக நினைத்து அமுக்கினாலும் ஆபத்துதான். கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். சேர்ந்திருந்த பணமும் போய்விடும்.

இரண்டு லட்சம் பார்வையா... ஐந்து வாடிக்கையாளரா?

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளம்பரத்தில் கிடைக்கும் தொகை, படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன விஷயம் என்பதைப் பொறுத்து மாறும். கணக்குக்காக, 1,000 பார்வைக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலர் 85 ரூபாய் என்றால், 100 டாலருக்கு 8,500 ரூபாய். அதை எட்ட 2 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேல் பார்வைகள் வேண்டும். சின்ன விஷயத்தை எழுதுபவருக்கு இது ஒரே மாதத்தில் வராது. ஓராண்டும் ஆகலாம், அதற்குமேலும் ஆகலாம்.

அதே கொசுத்தேனீயைப் படிக்க வந்தவர்களில் ஐந்து பேர் மட்டும் கூட்டத்தோடு பெட்டி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி 1,700 ரூபாய் என்றால் அதுவும் 8,500 ரூபாய். பெட்டிச் செலவு, கூலி கழித்தாலும் கணிசமாக நிற்கும். ஐந்து பேரின் நம்பிக்கையும், இரண்டு லட்சம் பேரின் பார்வையும் பணத்தில் ஏறக்குறைய ஒன்று.

ஆனால், இதற்கும் எல்லை உண்டு. ஒரு கூட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறை பிரிப்பதே அதற்கு நல்லது. மாதம் ஐந்து பெட்டி கொடுக்க வேண்டுமென்றால் 60 தாய்க்கூட்டங்கள் தேவை. 20 கூட்டங்கள் வைத்திருப்பவர், ஆண்டுக்கு 20 பெட்டிக்குமேல் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆர்டர் வருகிறதே என்று காட்டில் இருக்கும் கூடுகளை உடைத்து எடுத்துக் கொடுத்தால், கூட்டமும் அழியும்... பெயரும் கெடும். கையில் பெட்டி இல்லாத மாதங்களில் ஒரு நாள் பயிற்சி, காலிப் பெட்டி, கொஞ்சம் தேன் என்று வருமானத்தைப் பிரித்துக்கொள்ளலாம். எழுத்து கூட்டிவரும் ஆள்களுக்கு ஈடுகொடுக்கப் பண்ணையில் பொருள் இருக்க வேண்டும். எனவே, எழுதுவதற்காகப் பண்ணையை விட்டுவிடக் கூடாது.

எதை, எப்படி எழுதுவது?

வாரம் ஒரு கட்டுரை போதும். ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். தலைப்பை, மக்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படியே வையுங்கள். ‘தேனீ வளர்ப்பில் பகைவர் மேலாண்மை’ என்று யாரும் தேடமாட்டார்கள். ‘தேனீப் பெட்டியில் எறும்பு ஏறுது, என்ன செய்வது?’ என்றுதான் தேடுவார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, மழை, செய்த வேலை, செலவு, விளைவு என்று தினமும் நான்கு வரி எழுதுங்கள். படத்தை நீங்களே எடுங்கள். மற்றவர்களின் படத்தையும் எழுத்தையும் எடுத்துப் போட்டால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். ‘நல்ல மகசூல்’ என்று எழுதாமல், எத்தனை கிலோ, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று எழுதுங்கள். செத்துப்போன கூட்டத்தைப் பற்றியும் எழுதுங்கள். லாபக் கணக்கு மட்டுமே சொல்பவரை விவசாயிகள் நம்புவதில்லை.

நல்ல பதிலுக்கு ஆயுள் அதிகம். ஒவ்வோர் ஆடியிலும் விதைப்புக் கேள்வி வரும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நோய்க் கேள்வி வரும். இந்த ஆண்டு எழுதியதை அடுத்த ஆண்டும் தேடிப் படிப்பார்கள்.

உங்கள் வார்த்தையில் ஒருவரின் வெள்ளாமை இருக்கிறது!

நாலு பேர் படிக்க ஆரம்பித்ததும் நிறுவனங்கள் தேடி வரும். ‘எங்கள் பயிர் ஊக்கியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுங்கள், 5,000 ரூபாய் தருகிறோம்’ என்பார்கள். விளம்பரத்தில் ஓராண்டு காத்திருந்து வாங்கும் பணம் ஒரே நாளில் வருகிறதே என்று ஆசை வரத்தான் செய்யும். ஆனால், அதை நம்பி யாரோ ஒருவர் தன் ஒரு ஏக்கர் மிளகாயில் அடிப்பார். பலிக்காவிட்டால் அவருக்கு ஒரு போகம் போய்விடும். சிலருக்கு அது நகைக் கடனாக முடியும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பணமோ, இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு எழுதினால், அது விளம்பரம் என்று படிப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகும்.

எனவே, ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போகமாவது உங்கள் வயலில் பயன்படுத்தாத எதையும் பரிந்துரைக்காதீர்கள். பூச்சிமருந்து அளவை நீங்களாகச் சொல்லாதீர்கள். நோய்க்கு மருந்து கேட்பவர்களை, வேளாண்மை அலுவலரிடமோ, வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்துக்கோ அனுப்புங்கள். ‘இது எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் மரியாதை கூடுமே தவிர, குறையாது.

இன்னொரு பக்கம், ‘மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கக் கற்றுத்தருகிறோம்’ என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பணத்தைக் கட்டுவதற்குமுன், அவர் எந்த விஷயத்தை எழுதிச் சம்பாதித்தார் என்று கேளுங்கள். பயிற்சி நடத்தியே சம்பாதித்தார் என்றால், அந்தப் பணத்தில் இரண்டு வெள்ளாட்டுக் குட்டி வாங்கி விடலாம்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

‘பத்தாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன். டைப் செய்யத் தெரியாது. எழுத முடியுமா?’

தாராளமாக முடியும். செல்போன் கீபோர்டில் இருக்கும் மைக் படத்தை அமுக்கி, தமிழில் பேசினால் அதுவே எழுத்தாகிவிடும். பிறகு, பிழைகளை மட்டும் திருத்தினால் போதும். ஒன்றிரண்டு பிழை இருந்தாலும் விவரம் சரியாக இருந்தால் படிப்பார்கள்.

‘நான் எழுதுகிறேன், கணவர் பெயரில் கணக்குத் தொடங்கலாமா?’

எழுதுபவர் பெயரிலேயே தொடங்குங்கள். ஆட்சென்ஸ் கணக்கில் இருக்கும் பெயரும், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் உழைப்பில் வரும் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வருவதுதான் பிற்காலத்துக்கும் நல்லது. ஒருவருக்கு ஒரு கணக்குத்தான் அனுமதி.

‘முகத்தைக் காட்டவும், போன் நம்பர் கொடுக்கவும் தயக்கமாக இருக்கிறது?’

இரண்டும் கட்டாயமில்லை. கையும் செடியும் மட்டும் தெரியும்படி படம் எடுக்கலாம். தொடர்புக்குத் தனியாக ஒரு சிம் வைத்துக்கொண்டு, ‘மாலை 4 முதல் 6 மணி வரை மட்டும்’ என்று போடுங்கள். வீடு இருக்கும் இடத்தைப் பொதுவில் போட வேண்டாம்.

‘இந்த வருமானத்துக்கு வரி உண்டா? விவசாயிக்குத்தான் வரி இல்லையே?’

விவசாய வருமானத்துக்குத்தான் வருமான வரி விலக்கு. விளம்பரம், பயிற்சி மூலம் வரும் பணம் விவசாய வருமானம் ஆகாது. அதைத் தனியாகக் கணக்கு வைத்துக் காட்ட வேண்டும். சேவைகள் மூலம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி பதிவும் தேவைப்படும். யூடியூப் வருமானம் வருபவர்கள், அமெரிக்க வரிப் படிவத்தைத் தவறாமல் நிரப்புங்கள். நிரப்பினால், அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வரும் பணத்துக்கு மட்டும் 15 சதவிகிதம் பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால், மொத்த வருமானத்திலும் 24 சதவிகிதம் வரை போகலாம்.

‘நாட்டு விதைகளைப் பற்றி எழுதுகிறேன். கேட்பவர்களுக்கு விதை விற்கலாமா?’

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001-ன்படி, விவசாயி தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், விற்கவும் உரிமை உண்டு. ஆனால், பாதுகாக்கப்பட்ட ரகங்களைப் பெயரிட்டு, பிராண்டு போட்டு விற்கக் கூடாது. மற்றவர்களிடம் வாங்கி விற்பது விதை வணிகம். அதற்கு உரிமம் வேண்டும். தேன், எண்ணெய் போன்ற உணவுப் பொருள்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம்.

‘எத்தனை நாளில் பலன் தெரியும்?’

தென்னங்கன்று வைத்ததைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம், படிப்பவர்களே குறைவாக இருப்பார்கள். வாரம் ஒன்றாக 50 கட்டுரைகள் சேரும்போது, தேடி வருபவர்கள் கூடுவார்கள். அதுவரை கடன் வாங்கிக் கேமராவோ, கம்ப்யூட்டரோ வாங்க வேண்டாம். இருக்கும் செல்போனே போதும்.

அடுத்த இதழ் உங்கள் கைக்கு வர இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள், ஒரு விஷயத்தை முடிவு செய்து 50 கேள்விகளை எழுதிவிடுங்கள். அதில், உங்கள் வயலில் நீங்களே செய்து பார்த்த ஒன்றுக்கு மட்டும், தேதியோடும் செலவுக் கணக்கோடும் பதில் எழுதி, அந்தத் தொழிலில் இருக்கும் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். அவர்கள் மேலும் நாலு கேள்வி கேட்டால், அடுத்த நாலு கட்டுரைகளும் தயார்.